பதினெட்டு சதவீதம்

ஆகஸ்ட் 5, திங்கள்

பழைய ரவுட்டர் இன்று மூன்று முறை தானாகச் செத்துத் தானாக எழுந்தது. ஒவ்வொரு முறையும் புளியங்குடியில் ஆயிரத்து நானூறு வீடுகளில் நெட் போய்விட்டு வந்தது. எங்கள் சந்தாதாரர்களின் மொத்தப் போக்குவரத்தும் இந்த ஒரு பெட்டி வழியாகத்தான் போகிறது. எட்டு வருடப் பழசு. செத்துப்போக அதற்கு உரிமை உண்டு.

முதலாளி சுயம்புலிங்கம் அண்ணாச்சி புதிய பெட்டிக்கு விலை கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, அவன் சொல்லுத விலைக்கு நான் எலுமிச்சந் தோப்பே வாங்கிருவேன். நீ மெட்ராஸ்ல டேட்டா சென்டர்லல்லா இருந்தே. நீயே ஒண்ணு செஞ்சிரு."

செய்துவிடலாம். சாதாரணக் கம்ப்யூட்டர் பாகங்கள், நல்ல நெட்வொர்க் கார்டு, லினக்ஸ். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. தீர்மானிக்க வேண்டியது ஒன்றுதான்: எந்த பிராசசர்.

செய்கிற மாற்றங்களைத் தேதியிட்டு எழுதி வைப்பது சென்னையில் பழகியது. எனவே இந்த நோட்டு.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

விசிறி இல்லாத சின்ன பிராசசர் ஒன்று இருக்கிறது. கரண்ட் குறைவாகக் குடிக்கும். ஆயிரத்து நானூறு வீட்டுக்குத் தாங்காது. தள்ளிவிட்டேன். மிச்சம் இரண்டு. மேசைக் கம்ப்யூட்டருக்கானது: நாலு கோர், ஒவ்வொன்றும் 4.4 கிகாஹெர்ட்ஸ். சர்வரிலிருந்து கழற்றி மதுரையில் விற்கிறது: எட்டு கோர், ஒவ்வொன்றும் 2.6.

நாலு பெருக்கல் 4.4, பதினேழு புள்ளி ஆறு. எட்டு பெருக்கல் 2.6, இருபது புள்ளி எட்டு. கணக்கு முடிந்தது.

முப்புடாதி அண்ணன் டீயோடு வந்து எட்டிப் பார்த்தார். எங்கள் லைன்மேன். பதினோரு வருடமாக இந்த ஊரின் கம்பங்களில் ஏறி இறங்குபவர். தெருவுக்குத் தெரு தொங்கும் ஜாயிண்ட் பாக்ஸ் நாற்பத்தாறு. அதற்குள் முடியைவிட மெல்லிய கண்ணாடி இழைகளை ஒட்டி வைத்தது எல்லாம் இவர் கை.

"கோருன்னா என்ன இஞ்சினீரு?"

"ஒரு ஆள்னு வச்சுக்கோங்கண்ணே. இது எட்டு ஆள், கொஞ்சம் நிதானம். அது நாலு ஆள், வேகம்."

"எட்டா? நம்ம ஆபீஸ்லயும்தான் எட்டுப் பேரு இருக்கோம். ஏணிய நான் ஒருத்தந்தான தூக்குதேன்."

போன் எடுக்கும் ரஹ்மத் சிரித்தாள். அண்ணாச்சியும் சிரித்தார். நான் எட்டுக்கு ஆர்டர் போட்டேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பாகங்கள் வந்தன. பிராசசருக்கு மேல் வைக்கும் விசிறி உயரம் அதிகம், பெட்டியின் மூடி மூடவில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லேத்தில் கொடுத்து மூடியில் ஓட்டை போட்டேன். பார்க்க அசிங்கம். வேலைக்குக் குறைவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சோதனை. இந்தப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர், அந்தப் பக்கம் ஒன்று, நடுவில் என் பெட்டி. பத்து கிகாபிட் முழுசாகப் போனது. எட்டு கோரும் சமமாக வேலை பார்த்தன. அழகு.

உண்மையில் வீட்டு மோடம்கள் இப்படி நேரடியாக அனுப்புவதில்லை. ஒவ்வொன்றும் முதலில் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து லாகின் செய்யும். பிறகு அந்த வீட்டிலிருந்து வருவதெல்லாம் அந்த லாகினின் உறைக்குள் போட்டுத்தான் வரும். அப்படிச் சோதிக்க நூறு இருநூறு போலி லாகின்கள் தயார் செய்ய வேண்டும். ஒரு நாள் போய்விடும். அண்ணாச்சி காலையிலிருந்து நாலு முறை கேட்டுவிட்டார். ஓர் உறை கூடுவதால் என்ன ஆகிவிடப் போகிறது.

"எல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சு அண்ணாச்சி" என்றேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

காலை ஐந்தரைக்கு மாற்றினேன். ஏழு மணிக்குள் எல்லா மோடமும் லாகின் ஆகிவிட்டன. எலுமிச்சை மார்க்கெட் ஏலக் கடைக்காரர்கள்கூடக் கவனிக்கவில்லை. அண்ணாச்சி பெட்டிக்குச் சந்தனம் வைத்தார். விசிறி மேல் வைக்காமல் தடுத்தேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ஒழுங்காக ஓடுகிறது. எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 14, புதன்

மாலை ஏழரைக்கு மேல் ஒன்பது புகார். ரஹ்மத் போனைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"சார், மேலப் பள்ளிவாசல் தெருவுல இருந்து பேசுதாங்க. வீடியோ கால்ல முகம் தெரியலங்காங்க."

"மோடத்தை அணைச்சுப் போடச் சொல்லு."

"போட்டாச்சாம்."

"இன்னொரு வாட்டி போடச் சொல்லு."

பெட்டியின் திரையைப் பார்த்தேன். பிராசசர் சுமை பதினெட்டு சதவீதம். தூங்கிக்கொண்டிருக்கிறது. கோளாறு வெளியே எங்கேயோ.

ஆகஸ்ட் 16, வெள்ளி

இருபத்துமூன்று புகார். ஏழரையிலிருந்து ஒன்பதரைக்குள். பாதிக்கு மேல் வளைகுடாவில் ஆள் இருக்கிற வீடுகள். அந்த நேரத்தில்தான் அங்கே வேலை முடிந்து அறைக்கு வந்து கூப்பிடுவார்கள். பெட்டியில் பதினெட்டு சதவீதம். திரையைப் போட்டோ எடுத்து அண்ணாச்சிக்கு அனுப்பினேன்.

ஆகஸ்ட் 17, சனி

அண்ணாச்சி எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"தம்பி, பெட்டியில ஒண்ணும் இல்லேங்குதே. அப்ப எங்கதான் கோளாறு?"

பெட்டி நூற்றில் பதினெட்டுதான் உழைக்கிறது, மீதி எண்பத்திரண்டு சும்மா கிடக்கிறது என்றேன். பெட்டி இல்லையென்றால் லைன். லைன் என்றால் ஜாயிண்ட். பதினோரு வருட ஜாயிண்ட், மழை, வெயில், அணில்.

முப்புடாதி அண்ணன் எழுந்தே விட்டார்.

"ஜாயிண்டா? எலே, நான் போட்ட ஜாயிண்ட அணில் வேணா கடிக்கும். தானா கெடாது. லைட்டு எவ்வளவு வருதுன்னு உன் கம்ப்யூட்டர்லயே பாரு."

ஒவ்வொரு வீட்டுக்கும் எவ்வளவு ஒளி போய்ச் சேர்கிறது என்பது ஆபீஸ் திரையில் தெரியும். நாங்கள் லைட்டு என்போம். இருபது என்றால் நல்லது, இருபத்தேழைத் தாண்டினால் மோசம். பார்த்தேன். புகார் வந்த வீடுகள் எல்லாம் பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று.

"பகல்ல நல்லாத்தான் காட்டும்ணே. சாயந்திரம் சூடு ஆறும்போது இழை சுருங்கும்" என்றேன்.

அப்படி நடப்பதுண்டு. எங்கேயோ படித்திருக்கிறேன்.

அண்ணாச்சி முடித்துவிட்டார். "முப்புடாதி, நாப்பத்தாறையும் பிரிச்சுத் திரும்பப் போட்டுரு. ஒரு வாரம். அதுக்கு மேலயும் ஜனங்க ஏசுனா, ராஜபாளையத்துல இருந்து ஆளு எறக்கிருவேன். தப்பா நெனைக்காத."

"நெனைக்கதுக்கு என்ன அண்ணாச்சி இருக்கு" என்று சொல்லிவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு போனார்.

ஆகஸ்ட் 19, திங்கள்

புகார் முப்பத்தொன்று. ஜாயிண்ட் எட்டு முடிந்தது. பதினெட்டு சதவீதம்.

புகார் நோட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. ரஹ்மத் அதைக் காலியாக விட்டிருந்தாள். எல்லாவற்றிலும் நான் 'ஜாயிண்ட்' என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

புகார் இருபத்தெட்டு. ஜாயிண்ட் பதினேழு முடிந்தது. மாலை எட்டு மணிக்கு லைட்டு பார்த்தேன். பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. சூடு ஆறின பிறகும் அதே.

திரை சில நேரம் பழைய அளவையே காட்டும்.

ஆகஸ்ட் 22, வியாழன்

முப்புடாதி அண்ணனுக்கு ஏணி பிடிக்க ஆளில்லை என்று நான் போனேன். யாரும் சொல்லவில்லை, நானாகப் போனேன். சும்மா ஆபீஸில் உட்கார்ந்திருப்பதற்கு இது பரவாயில்லை.

டி.என்.புதுக்குடிப் பக்கம் ஒரு கம்பத்தில் பாக்ஸைத் திறந்தார். உள்ளே இழைகள் சுருள் சுருளாக, ஒரே அளவில், கோலம் போட்ட மாதிரி அடுக்கியிருந்தன. தூசிகூட இல்லை.

"இது எந்த வருஷம் போட்டதுண்ணே?"

"எம் மவ பொறந்த வருஷம். அவ இப்பம் ஆறாப்பு."

நன்றாக இருந்த ஜாயிண்டை வெட்டினார். இழையைத் துடைத்து, நறுக்கி, ஸ்பிளைசிங் மிஷினில் வைத்து மூடினார். மிஷின் ஒட்டி முடித்து அளவு காட்டும். அவர் அதைப் பார்க்கவே இல்லை. கை அடுத்த இழைக்குப் போய்விட்டது. நான் எட்டிப் பார்த்தேன். இழப்பு 0.01. இதைவிடக் குறைவாக யாரும் போட முடியாது.

"பாக்க மாட்டீங்களா?"

"வச்ச ஒடனே தெரியும் தம்பி. பாக்கதுக்கு என்ன இருக்கு."

டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்தார்.

ஆகஸ்ட் 24, சனி

நாற்பத்தாறும் முடிந்தது. மாலை புகார் முப்பத்திரண்டு.

ஆபீஸ் வாசலில் முப்புடாதி அண்ணன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

"கையி போயிருச்சு போல தம்பி."

"அப்படியெல்லாம் இல்லண்ணே."

"இல்ல, கண்ணா இருக்கும். நாப்பது தாண்டிட்டுல்லா. வைக்கும்போது சரியா இருக்க மாதிரித்தான் தெரியுது. தெரியுததே தப்பா இருந்தா?"

நான் சாப்பிடப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

இன்று கண்டுபிடித்தேன். சரியாகச் சொன்னால் ரஹ்மத் காட்டினாள்.

ஏழே முக்காலுக்கு அவளுக்கே கால் வந்தது. கணவர் சவூதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நீங்களே பாருங்க சார். இவங்க பின்னாடி போற வண்டியோட நம்பரு வரைக்கும் எனக்குத் தெரியுது. நான் மட்டும் அவங்களுக்குக் கட்டம் கட்டமா நிக்கேனாம். நோட்டுல இத்தன நாளா அதத்தான எழுதுதேன்? 'அங்க முகம் தெரியல.' இங்க தெரியலன்னு ஒருத்தராவது சொன்னாங்களா?"

நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஆமாம். எல்லாப் புகாரும் ஒரே மாதிரி. வருவது நன்றாக வருகிறது. போவதுதான் போகவில்லை. இந்த வரிகளுக்குப் பக்கத்தில்தான் நான் ஒரு வாரமாக 'ஜாயிண்ட்' என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். நாற்பத்தாறு ஜாயிண்டும் சேர்ந்து ஒரு திசையில் மட்டும் கெட முடியாது.

பெட்டியின் திரை முன் உட்கார்ந்தேன். இதுவரை மொத்தச் சுமையைத்தான் பார்த்திருக்கிறேன், எட்டு கோரின் சராசரி. இன்று கோர் வாரியாகப் பிரித்துப் பார்த்தேன்.

முதல் கோர் நூறு. மற்ற ஏழும் ஐந்து, ஆறு, ஏழு. கூட்டி எட்டால் வகுத்தால் பதினெட்டு.

காரணம் எளிமையானது. வரும் பாக்கெட்டின் முகவரியைப் பார்த்து நெட்வொர்க் கார்டு எட்டு கோருக்கும் பங்கிடும். வெளியிலிருந்து ஊருக்குள் வருவது உறை இல்லாமல் வருகிறது, பங்கு சரியாக நடக்கிறது. வீடுகளிலிருந்து வெளியே போவது லாகின் உறைக்குள் வருகிறது. உறைக்குள் இருக்கும் முகவரியை இந்தக் கார்டுக்குப் படிக்கத் தெரியாது. படிக்க முடியாததை எல்லாம் முதல் கோரிடம் தள்ளிவிடுகிறது. ஊரே அனுப்புகிற எல்லாம் 2.6 வேகத்தில் ஓடும் ஒரே ஒரு கோர் மேல். அது திணறும்போது மிச்சத்தைக் கீழே போடுகிறது. கீழே விழுவது முகங்கள்.

லாகினோடு சோதித்திருந்தால் முதல் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

மென்பொருளில் ஒரு மாற்றம் செய்து வேலையை மற்ற கோர்களுக்குத் தள்ளிவிட்டேன். பங்கிடுகிற வேலையும் முதல் கோர்தான் பார்க்க வேண்டும். நூறு, எழுபத்தெட்டாக இறங்கியது. இப்போதைக்குப் போதும். ரம்ஜான், பக்ரீத் என்றால் தாங்காது. பிராசசரை மாற்றியே ஆக வேண்டும். வேகமான நாலு கோர். பங்கிட முடியாத வேலைக்கு எண்ணிக்கை உதவாது.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

புகார் இரண்டு. இரண்டும் ரீசார்ஜ் முடிந்த வீடுகள்.

அண்ணாச்சி என்னைத் தோளில் தட்டினார். "பாத்தியா, நீ சொன்னதுதான். ஜாயிண்டு எல்லாம் மாத்துன பொறவு செட் ஆவுததுக்கு ரெண்டு நாளு எடுத்திருக்கு. அவன் பழைய வேலை அவ்வளவு லெச்சணம்."

முப்புடாதி அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். தலையை ஆட்டினார். சொல்ல நினைத்தேன். அதற்குள் அண்ணாச்சிக்கு போன் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 28, புதன்

புகார் இல்லை. சொல்லவில்லை. அண்ணாச்சி ஊருக்குள் ரவுண்டில் இருந்தார்.

ஆகஸ்ட் 29, வியாழன்

முப்புடாதி அண்ணன் ஸ்பிளைசிங் மிஷினைத் துடைத்து, பெட்டியில் வைத்து, அண்ணாச்சி மேசையில் வைத்தார். ஒன்றாம் தேதியிலிருந்து எலுமிச்சை லோடு வண்டி ஓட்டப் போகிறாராம்.

"யாரும் போகச் சொல்லலயே லே" என்றார் அண்ணாச்சி.

"நீங்க சொல்லல அண்ணாச்சி. நானாத்தான். தப்பா ஒட்டிட்டு ஒட்டிட்டு எத்தன வீட்டுக்கு ஏச்சு வாங்கிக் குடுக்கது? வண்டின்னா ரோடு கண்ணுக்குத் தெரியுதுல்லா."

அவர் போன பிறகு ரஹ்மத் என்னைப் பார்த்தாள். அன்றைக்கு நான் கோர்களைப் பிரித்துப் பார்த்தபோது அவள் பக்கத்தில்தான் நின்றாள்.

"என்ன?" என்றேன்.

"நான் ஒண்ணும் சொல்லலியே சார்" என்றாள்.

சாப்பாடு பிடிக்கவில்லை. மெஸ்ஸில் எண்ணெய் சரியில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

சொல்லிவிட்டேன். காலை ஒன்பதரை, ஆபீஸில், எல்லோரும் இருக்கும்போது. தனியாக அண்ணாச்சியிடம் மட்டும் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். முப்புடாதி அண்ணன் சம்பளக் கணக்கு முடிக்க வந்துவிட்டார். இனி தள்ள நாள் இல்லை.

"அண்ணாச்சி, ஜாயிண்ட்ல கோளாறே இல்ல. பெட்டியிலதான். நான் தப்பான பிராசசர் வாங்கிட்டேன். திங்கக்கிழமை சரி பண்ணதும் நான்தான், ஜாயிண்ட் இல்ல."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சுன்னு சொன்னியேடே?"

"பாதிதான் பண்ணேன்."

"பாதின்னு சொல்லிருக்கலாம்லா? நான் என்ன உன் கழுத்தையா புடிச்சேன்?"

முப்புடாதி அண்ணன் சத்தம் போடுவார், அடிக்கக்கூடச் செய்வார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

"திங்கக்கிழமையே தெரியுமா?"

"ஆமாண்ணே."

"இன்னைக்கு வெள்ளி."

"ஆமா."

"செவ்வாக்கெழம நான் சங்கரன்கோவிலுக்குக் கண்ணு பாக்கப் போனேன். ரெண்டு கண்ணும் நல்லா இருக்குன்னு டாக்டரு சொன்னாரு. அவருக்கு ஒழுங்காப் பாக்கத் தெரியலன்னு எம் பொண்டாட்டிகிட்டச் சொன்னேன்டே. அந்த நல்ல மனுசன ஏசிட்டு வந்தேன்."

ரஹ்மத் எழுந்து உள்ளே போனாள்.

நான் வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். அண்ணாச்சி மேசையில் ஓங்கித் தட்டினார். "நீயும் போவே, அவனும் போவான், நான் ஒத்தையில ஏணியத் தூக்கவா? ஒழுங்கான பிராசசர வாங்கி மாட்டு மொதல்ல. முப்புடாதி, மிஷின எடு."

முப்புடாதி அண்ணன் உடனே எடுக்கவில்லை. பெட்டியைத் திறந்து மிஷினை ஒரு முறை பார்த்தார். பிறகு எடுத்துக்கொண்டார்.

புகார் நோட்டை எடுத்து, 'ஜாயிண்ட்' என்று நான் எழுதிய கட்டங்களை எல்லாம் அடித்து, 'ரவுட்டர், கோமதிநாயகம்' என்று என் பெயரோடு எழுதினேன். இருநூற்று மூன்று.

செப்டம்பர் 5, வியாழன்

நாலு கோர், 4.4 வந்தது. பழைய மூடி இதற்கும் பொருந்தவில்லை. இன்னொரு ஓட்டை.

செப்டம்பர் 7, சனி

முந்நூறு போலி லாகின்கள் தயார் செய்தேன். ஒன்றரை நாள் ஆனது. அண்ணாச்சி ஒரு முறைகூடக் கேட்கவில்லை. எல்லா லாகினிலிருந்தும் வெளியே அனுப்பி, கோர் வாரியாகப் பார்த்தேன். சராசரியைத் திரையிலிருந்தே எடுத்துவிட்டேன். அளவுகளை அச்செடுத்து மேசையில் வைத்தேன், எது சோதித்தது, எது சோதிக்கவில்லை என்று இரண்டு பத்தியாக.

செப்டம்பர் 9, திங்கள்

மாற்றினேன். மாலை எட்டு மணிக்கு முதல் கோர் நாற்பத்தாறு. கீழே விழும் பாக்கெட் எதுவும் இல்லை. புகார் இல்லை. ரஹ்மத்தின் கணவருக்கு இப்போது இவள் சேலையின் பூகூடத் தெரிகிறதாம். பிராசசர் வேலை முடிந்தது.

செப்டம்பர் 12, வியாழன்

நேற்றைய காற்றில் சிந்தாமணி பக்கம் மரக்கிளை விழுந்து கேபிள் அறுந்தது. முப்புடாதி அண்ணன் ஏறினார். நான் ஆபீஸில். நாலு மணி பத்துக்குக் கம்பத்தின் மேலிருந்து போன்.

"லைட்டு எவ்வளவு காட்டுது?"

"பத்தொன்பதுண்ணே."

"மிஷின்ல பூச்சியம் புள்ளி பூச்சியம் ஒண்ணுங்குது. நீ நல்லாப் பாரு."

"பாத்துட்டேன்ணே. பத்தொன்பது. இதுக்கு மேல நல்லா வராது."

போனில் காற்று மட்டும் கேட்டது.

"இன்னொரு வாட்டி பாரு."

பார்த்தேன். பத்தொன்பது. சொன்னேன்.

"சரி" என்றார். போனை வைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் போல. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் லைட்டு அணைந்தது. நல்லபடியாக இருந்ததை வெட்டிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து இழையைத் துடைக்க ஆரம்பித்திருந்தார்.